மேல் கம்பி

— இருபத்தேழு பேர்ல பத்தொம்போதாவது. நன்னா எண்ணிப் பார்த்துட்டேன் கொடி. கீழேந்து எண்ணினா ஒம்போதாவது.

— கீழ இருந்து எதுக்குடி எண்ணுற? நம்ம காலேஜ்ல கல்கத்தா வரைக்கும் போயி ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுனவ நீ ஒருத்திதேன். பத்தொம்போதுன்னே சொல்லு.

— நீ போயிருந்தா அஞ்சுக்குள்ள வந்திருப்பே. நாகலக்ஷ்மி மிஸ் ரயில்லயே சொன்னா. எங்கிட்டயே சொன்னா, பக்கத்துல உக்காந்துண்டு.

— பி.டி. மிஸ்ஸுக்கு வாய் சும்மா இருக்காது. இரு ஜானு, இப்பிடி நெழலுக்கு நகந்து உக்காரு. அந்த முனையில சிராய் இருக்கு, பாவாடையக் கிழிச்சுரும்.

— இதுதான் நீ ஏறி நின்னு ஆடறதுக்கு உங்கப்பா பண்ணிக் குடுத்த பீமா? நீ சொன்னப்போ ஏதோ பலகையாக்கும்னு நெனச்சேன்.

— பனை. இந்தக் கெணத்து மேட்டுல நின்ன மரந்தேன். கண்ணுச்சாமி ஆசாரி அறுத்து இழைச்சுக் குடுத்தாரு. பதினாறு அடி நீளம், நாலு இஞ்சு அகலம். எங்கப்பா காலேஜுக்கே வந்து பீமை நூல் பிடிச்சு அளந்துட்டுப் போச்சு. மிஸ்ஸு சிரிச்சாக. அது சிரிக்கல.

— எங்கப்பா மூணு வருஷமா நான் பூப்பந்து ஆடறேன்னு நெனச்சிண்டிருந்தார். ஆபீஸ்ல கூட, இந்த ஹாலாஸ்யத்தோட பொண்ணு பூப்பந்து ஆடறான்னு சொல்லி வெச்சிருக்கார். கல்கத்தாவுக்குக் கையெழுத்து கேட்டப்போதான் தெரிஞ்சது. அம்மா காஸ்ட்யூமைக் கையில தூக்கிப் பிடிச்சுண்டு, கை எங்கேடி, கால் எங்கேடின்னு கேட்டா.

— பெறகு எப்பிடி விட்டாக?

— மிஸ் ஆத்துக்கே வந்துட்டா. ஒரு மணி நேரம் பேசினா. அம்மா உள்ளே ஒரு முழு நீளக் காலுறை தச்சுப் போட்டு விட்டா. கல்கத்தாவுல அத்தனை பேரும் என் காலைத்தான் பார்த்தா.

— அதப் போட்டுக்கிட்டு பீம்ல வழுக்கியிருக்குமே.

— வழுக்கித்து. ஒரு தடவை எறங்கினேன். மறுபடி ஏறிட்டேன். தரையில பண்ற ஃப்ளோர் நன்னாவே பண்ணினேன், சொன்னா நம்ப மாட்டே. ஓடி வந்து தாண்டற வால்ட் சுமார். உன் கை எப்படி இருக்கு? நீட்டு பாப்போம்.

— இம்புட்டுதேன் நீளும்.

— அவ்வளவுதானா?

— முழுசா மடங்குது. நீளத்தேன் மாட்டேங்குது. பெரியாஸ்பத்திரி டாக்டரு, எண்ணெய் போட்டு நீவி வெயிட்டுத் தூக்கினா சரியாயிரும்னாரு. நாலு மாசம், அஞ்சு மாசம். தண்ணி எறைக்க முடியுது, எழுத முடியுது. பரீட்சைக்கு அது போதும்ல.

— மூணு மாசம் ஆயிடுத்து, நீ விழுந்து.

— டிசம்பர் ஏழு. செவ்வாக்கெழம. ரேடியோவுல டெல்லி ஏசியாட் முடிஞ்ச கத சொல்லிக்கிட்டே இருந்தாகல்ல, அந்த வாரம்.

— நோக்கு தேதியெல்லாம் ஞாபகம் இருக்கா?

— கட்டுப் போட்ட சீட்டுல எழுதியிருந்துச்சு. ஏன், ஒனக்கு இல்லையா?

— இருக்கு.

— பாருல, அந்த ரெண்டு கம்பியில, என்ன பண்ணுன, சொல்லவே இல்லையே. எல்லாத்தையும் சொல்ற, அத மட்டும் தாண்டிப் போயிட்ட.

— பாருல எறங்கிட்டேன் கொடி.

— விழுந்தியா?

— விழலை. கீழ்க் கம்பியில ஏறி நின்னேன். மேல் கம்பியைத் தாவிப் பிடிக்கணும். நின்னுண்டே இருந்தேன். கால் கெளம்பவே இல்லை. ஜட்ஜ் ரெண்டு தடவை பார்த்தா. அப்பறம் கீழே குதிச்சு, கும்பிட்டுட்டு வந்துட்டேன். பத்துக்கு ரெண்டு புள்ளி எட்டு குடுத்தா. எதுக்குக் குடுத்தான்னு தெரியலை.

— ஏறுனதுக்குக் குடுத்திருப்பாக.

— சிரிக்காதே.

— சிரிக்கலடி. அந்தத் தாவல் ஒனக்குத் தண்ணி பட்ட பாடாச்சே. பயந்துட்டியா?

— பயம்னு சொல்ல முடியாது. வேற ஏதோ கண்ணுல வந்தது. அதை விடு. பாளையங்கோட்டை மீட் ஞாபகம் இருக்கா நோக்கு? அக்டோபர்ல?

— மறக்குமா? எங்கப்பா காய்கறி லாரியில பதினோரு பேரை ஏத்திக்கிட்டு வந்து நின்னுச்சே. சமயநல்லூர்ல இருந்து அம்புட்டுத் தூரம், நின்னுக்கிட்டே. ஒருத்தரு விசில் வேற. ஜட்ஜம்மா எந்திரிச்சு, இது திருவிழா இல்லைன்னு மைக்குல சொன்னாக.

— நாலுலயும் நீதான் ஃபர்ஸ்ட். நாலுலயும். யுனிவர்சிட்டி டீமுக்கு நீதான்னு அன்னிக்கே முடிவாயிடுத்து. அதுக்கு முன்னாடி ஹாலுக்குப் பின்னால நீ வாந்தி எடுத்தே. நான்தான் தலையைப் பிடிச்சுண்டேன்.

— காலையில தின்ன பொங்கல்.

— பொங்கலே சாப்பிடலை நீ அன்னிக்கு. டீதான் குடிச்சே.

— அப்ப டீயா இருக்கும். இந்த வருசம் பூராவும் அப்பிடித்தேன் ஓடுச்சு ஜானு. ஜூன்லயே ஆரம்பிச்சுட்டாக, கடைசி வருசம், கடைசி வருசம்னு. அஞ்சே முக்கால் பஸ்ஸு, ஆறரைக்கு ஹாலு, மரத்தூள் குழியக் கிண்டி விடு, தேங்கா நார் மெத்தைய இழு. முன்னெல்லாம் அந்த மெத்தைய இழுக்கையில பேசிக்கிட்டே இழுப்போம். இந்த வருசம் யாரும் பேசல. மூணு இஞ்சு வேற வளந்துட்டேன். கீழ்க் கம்பி எங்க இருக்கு, எங்காலு எங்க இருக்குன்னு ஒவ்வொரு நாளும் புதுசாப் பாக்க வேண்டியிருந்துச்சு.

— செப்டம்பர்ல ஒரு நாள் ஃப்ளோர்ல பிடரியில விழுந்தியே.

— ஆமா. கழுத்து பிடிச்சுக்கிருச்சு ஒரு வாரம். எங்க வீட்டுல தலகாணி சரியில்லன்னு சொன்னேன்.

— சொல்லவே இல்லையா உங்கப்பாட்ட?

— எதுக்கு? அது பெறகு தெனம் வந்து மெத்தையில படுத்துப் பாக்கும், மெத்துன்னு இருக்கா, இல்லையான்னு. நீ என்ன, பையில கைய விட்டு விட்டு எடுக்குற? வந்ததுல இருந்து பாக்குறேன்.

— ஒரு லெட்டர் வந்திருக்கு.

— குடு. இங்கிலீசா. பேங்க்கு. மெட்ராஸ்ல இன்டர்வியூ. அடியே, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலையாடி?

— இன்டர்வியூதான். கல்கத்தா சர்டிபிகேட் இருந்தாப் போதுமாம். எத்தனாவதுன்னு கேக்க மாட்டாளாம். ஆல் இந்தியா மீட்ல கலந்துண்டிருக்கணும், அவ்வளவுதான். மிஸ்தான் போட்டுப் பாருன்னு அப்ளிகேஷன் வாங்கிக் குடுத்தா.

— ஏப்ரல் இருவது. பரீட்ச முடிஞ்சு ரெண்டு நாளு. தோதாத்தேன் இருக்கு. போயிட்டு வா.

— நான் போகப் போறதில்லை.

— ஏன், ஒங்கப்பா விட மாட்டாரா?

— அப்பா ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு. எனக்கப்பறம் ரெண்டு பேர் இருக்கா. லெட்டரை அப்பா ரெண்டு தடவை படிச்சார். முதல் தடவையா, பூப்பந்து எப்படிம்மா போறதுன்னு கேட்டார். கிண்டலா இல்லை. சந்தோஷத்துல என்ன பேசறதுன்னு தெரியாம கேட்டார்.

— பெறகென்னடி?

— இது உன்னோடது கொடி. அதான் வந்தேன். ரெண்டு பஸ் மாறி, திருப்பரங்குன்றத்துலேந்து இங்கே வர வரைக்கும் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுண்டே வந்தேன். இந்த லெட்டர் உனக்கு வந்திருக்கணும்.

— எனக்குக் கை ஒடிஞ்சுச்சு, நீ போன. ரிசர்வுன்னா அதுக்குத்தேன். மூணு வருசம் ரிசர்வா ஒக்காந்திருந்தேல்ல. இதுல என்னோடது, ஒன்னோடதுன்னு என்ன இருக்கு?

— அப்படி இல்லை. கேளேன், அன்னிக்கு என்ன ஆச்சுன்னா.

— செத்த இரு. எங்கப்பா வருது.

— யாரு, ஐயரு வீட்டுப் பாப்பாவா? வா தாயி. மோட்டார் ரூம்ல இருந்து பாத்தேன், யாரோ ரெண்டு பேரு பீம்ல ஒக்காந்திருக்காகளேன்னு. இந்தா, நொங்கு. மொத வெட்டு. கையில வாங்கிக்க, வெரல விட்டுச் சாப்புடு. கூச்சப்படாத.

— தேங்க்ஸ் மாமா.

— கல்கத்தாவுல எத்தனாவது வந்த தாயி?

— பத்தொம்போது மாமா.

— நல்லது. மொதத் தடவ போயிருக்க. எம் மக போயிருந்தா மூணுக்குள்ள வந்திருப்பா. மனசுல வச்சுக்கிறாத. இருக்கதச் சொல்றேன்.

— இல்லை மாமா. நெஜந்தான்.

— அப்பா, அவ இப்பத்தேன் வந்திருக்கா.

— நான் என்னத்தா சொல்லிட்டேன்? பாப்பா, நீயே பாரு. இந்தத் தென்னைக்கும் அந்தத் தொட்டிக்கும் நடுவுல குழி எடுக்கச் சொல்லியிருக்கேன். நாலு கல்லுக்கால் நிறுத்தி ரெண்டு கம்பி. ஒண்ணு ஒசரம், ஒண்ணு தாழ்வு. கண்ணுச்சாமி ஆசாரி, மரத்துல உருட்டி எடுத்துத் தாரேன்னு சொல்லிட்டாரு. அளவு மட்டும் வேணும். ஒங்க மிஸ்ஸுக்கிட்ட கேட்டு எழுதிக் குடுக்குறியா?

— எதுக்கு மாமா? படிப்புதான் முடியறதே.

— எங்க முடியுது? எம்.ஏ. சேக்கப் போறேன். எம்.ஏ. படிச்சா யுனிவர்சிட்டிக்கு இன்னும் ரெண்டு வருசம் ஆடலாமாம்ல. ஒங்க மிஸ்ஸு சொன்னாக. கை ஆடிக்குள்ள நேராயிரும். இந்த வருசம் போனா அடுத்த வருசம். பெறகு பாட்டியாலாவுல கோச்சு படிப்பு. பொம்பள கோச்சு நம்ம பக்கத்துல ஒருத்தரும் இல்லையாம்.

— கொடி, நீ சொல்லவே இல்லையே, எம்.ஏ. சேரப் போறேன்னு.

— அப்பா போன வாரந்தேன் சொல்லுச்சு.

— நீ என்ன சொன்னே?

— சரின்னேன்.

— அவ என்னைக்குத் தாயி மாட்டேன்னு சொல்லியிருக்கா? எட்டாம் வகுப்புல ரோட்டோரத்துல ரெண்டு கையில நடந்து போனா. ரோடு போட வந்த மேஸ்திரி கும்பிட்டுட்டுப் போனான். அன்னைக்கு முடிவு பண்ணேன். எந்தம்பி மொக்கையன் இருக்கான்ல, ஊருக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னான், அண்ணன் விருமாண்டி பொம்பளப் புள்ளைக்கு ட்ரவுசரு மாட்டி சர்க்கஸுக்கு விட்டுட்டான்னு. ரெண்டு வருசமாச்சு, அவன் வீட்டுப் படி நான் மிதிக்கல. அவன் மகளுக்குக் காது குத்துனான். தாய்மாமன் வந்து கேட்டாரு, பெரியப்பன் வராம எப்பிடின்னு. போகலையே. எம் மக பேரு பேப்பருல வரட்டும், அன்னைக்கு அவன் வந்து பேசட்டும்.

— அப்பா, அதெல்லாம் இப்ப எதுக்கு?

— இருக்கட்டும்த்தா. பாப்பாவுக்குத் தெரியட்டும். உசிலம்பட்டில இருந்து பொண்ணு கேட்டு வந்தாக. நல்ல எடம். மாப்ள வாத்தியாரு. பாட்டியாலா படிப்பு முடியட்டும், பெறகு வாங்கன்னு அனுப்பிட்டேன். இவ அம்மா செல்லத்தாய் மூணு நாளு எங்கூடப் பேசல. என்ன பாப்பா, நொங்கு கையிலயே இருக்கு. ஏன் அழுகுற?

— மாமா, நான் ஒண்ணு சொல்லணும்.

— ஜானு, வேணாம்.

— நீ பேசாதே கொடி. மாமா, அன்னிக்கு அவ விழுந்தப்போ பக்கத்துல நின்னவ நான்தான்.

— தெரியுமே. நீதான கூட ஆட்டோவுல வந்த.

— அது இல்லை. கீழ்க் கம்பியில ஏறி நின்னு மேல் கம்பியைத் தாவிப் பிடிக்கறச்சே, நடுவுல ஒரு ஆள் நிக்கணும். கை குடுக்கற ஆள். தப்பித்துன்னா இடுப்பைப் பிடிச்சு எறக்கறதுதான் அவ வேலை. அன்னிக்கு அது என் வேலை. அவ ஏறறச்சே சரியா நின்னுண்டிருந்தேன். அவ முழங்காலை மடக்கினா. தாவப் போறான்னு தெரிஞ்சது. நான் பின்னால நகந்துட்டேன்.

— நகந்துட்டேன்னா?

— அரை அடி. அரை அடிதான் மாமா.

— தெரியாமயா?

— தெரிஞ்சுதான். ஆனா யோசிச்சுண்டு போய் நிக்கலை. சத்தியமா இல்லை. ரெண்டு நாள் முன்னாடி மிஸ் நோட்டீஸ் போர்டுல போட்டா, நம்ம காலேஜ்லேந்து ஒருத்தர்தான், ஜெயக்கொடி, ரிசர்வ் ஜானகின்னு. மூணாவது வருஷமா ரிசர்வ். அவளுக்கு ஒண்ணும் ஆகணும்னு நெனக்கலை. அந்த நிமிஷத்துல, இவ ஒரு தடவை தப்பினா என்னன்னு மனசுல ஓடித்து. கால் பின்னால போயிடுத்து. அவ விழுந்தப்போ கை நீட்டினேன். எட்டலை.

— நீ அங்கனயே நின்னிருந்தா பிடிச்சிருப்ப.

— பிடிச்சிருப்பேன்.

— நெசமா?

— மூணு வருஷத்துல நாப்பது தடவையாவது பிடிச்சிருக்கேன் மாமா. யாரையும் விட்டதில்லை.

— ஆஸ்பத்திரிக்குத் தெனம் வந்தியே நீ.

— வந்தேன்.

— ஹார்லிக்ஸ் கொண்டு வந்த. எங்கையால காப்பி வாங்கிக் குடிச்ச. வராந்தாவுல எம் பக்கத்துல ஒக்காந்து, கவலைப்படாதீங்கோ மாமான்னு சொன்ன. எம் பொண்டாட்டி திரும்பித் திரும்பிக் கேட்டா, எப்பிடிம்மா விழுந்தா, எப்பிடிம்மா விழுந்தான்னு. தெரியலையே மாமின்னு சொன்ன.

— ஆமா.

— இப்ப எதுக்குச் சொல்ற?

— வேலைக்கு லெட்டர் வந்திருக்கு. அவ போயிருக்க வேண்டிய மீட்டுக்கு நான் போனதால வந்த லெட்டர். அதைக் கையில வாங்கினதுலேந்து தூக்கம் வரலை. கல்கத்தாவுல அதே எடத்துல ஏறி நின்னப்போ, கீழே நிக்கற ஆளைப் பார்த்தேன். பஞ்சாப்லேந்து வந்த பொண்ணு. இவ நகந்துப்பாளான்னு தோணித்து. என்னால தாவ முடியலை.

— எனக்குப் படிப்பு இல்ல பாப்பா. ஒன்னு ரெண்டு விசயந்தேன் தெரியும். கெணத்துல ஆளு எறங்கியிருக்கையில மேல கயித்தைப் பிடிச்சிருக்கவன் தும்மக் கூடக் கூடாது. பிடிக்கிறேன்னு நின்னா பிடிக்கணும். பிடிக்க முடியலைன்னா முன்னாடியே சொல்லிட்டுப் போயிரணும்.

— அப்பா, போதும்.

— நீ இரு. நான் சத்தம் போடல, அடிக்கப் போகல. ஊரான் வீட்டுப் பிள்ள. திங்கக்கெழம காலையில காலேஜுக்கு வாரேன். ஒங்க பிரின்ஸ்பாலம்மா முன்னால, அந்த மிஸ்ஸு முன்னால, எங்கிட்டச் சொன்னத அப்பிடியே சொல்லணும். சொல்லுவியா?

— சொல்றேன் மாமா.

— ஒங்கப்பாவையும் கூட்டிட்டு வா.

— அப்பா வேண்டாம் மாமா. நானே சொல்லிடறேன்.

— நான் வாற மாதிரி அவரும் வரணும். எம் மக விழுந்தது அவ தப்புன்னுதேன் அம்புட்டுப் பேரும் பேசுனாக. மொக்கையன் டீக்கடையில சொன்னான், ஆடத் தெரியாதவளுக்குப் பீம் என்ன, பனை என்னன்னு. ஆடத் தெரியாதவளாம். அது ஒனக்குக் காதுல விழுந்துச்சா? எனக்கு விழுந்துச்சு. அந்தக் காயிதத்தைக் கிழிச்சுப் போடு.

— கிழிக்கறதுக்குத்தான் கொண்டு வந்தேன்.

— ஜானு, அதக் கிழிக்காத. எங்கிட்டக் குடு.

— விடு கொடி. மாமா சொல்றது சரி. மிஸ்கிட்டயும் எழுதிக் குடுத்துடறேன். சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கிக்கட்டும்.

— குடுன்னு சொன்னேன்ல. இங்க பாரு அப்பா, நீ திங்கக்கெழம எங்கயும் போக வேணாம்.

— ஏன், கூட்டாளின்னு பாக்குறியா? ஒன் கையப் பாரு. இம்புட்டுதேன் நீளுது. ஒரு வருசம் போச்சு. ஒங்கடைசி வருசம்.

— அவ நகந்தது எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— பாத்தேன். கீழ தலையக் குனிஞ்சு பாத்துட்டுத்தேன் முழங்கால மடக்கினேன். அவ பின்னால போனது கண்ணுல பட்டுச்சு.

— கொடி, பார்த்தியா நீ? பார்த்துட்டா மூணு மாசம் எங்கிட்டப் பேசிண்டிருந்தே?

— பாத்துட்டு எதுக்குத்தா சொல்லல? ஆஸ்பத்திரில கேட்டேனே, யாரு பக்கத்துல இருந்தாகன்னு. ஞாபகம் இல்லைன்னியே.

— சொன்னா இப்பிடித்தேன் ஆகும்னு சொல்லல. இன்னைக்கி ஒரு புள்ளைய ஒக்கார வச்சுக் கேக்குறியே, இப்பிடி.

— தப்புப் பண்ணுனவளக் கேக்காம?

— அவ நின்னிருந்தா என்னையப் பிடிச்சிருப்பா. நெசந்தேன். அன்னைக்குப் பிடிச்சிருப்பா. மறுநாளு விழுந்திருப்பேன்.

— என்னத்தா பேசுற நீ? ஆயிரந்தடவ தாவுன தாவல். பாளையங்கோட்டையில கண்ண மூடிக்கிட்டுத் தாவுற மாதிரி தாவுன. நான் பாத்தேன். பதினோரு பேரு பாத்தாக.

— ஆமா.

— பெறகு எப்பிடி மறுநாளு விழுவ? கை வழுக்கிருச்சா? கையில தேய்க்கிற அந்தப் பவுடரு சரியில்லையா?

— பவுடரு நல்லாத்தேன் இருந்துச்சு.

— கம்பி ஆடுச்சா? திருகு லூசா இருந்துச்சா? சொல்லுத்தா, இருந்தா அதையும் அந்த மிஸ்ஸுக்கிட்டக் கேப்போம்.

— கொடி, சொல்லிடு. ஏதாவது ஆச்சா உனக்கு? தலை சுத்தித்தா?

— தலை சுத்தல. கம்பி ஆடல. ஜானு, இந்தா, இந்த லெட்டரைப் பையில வையி. மடிக்காம வையி, இன்டர்வியூவுல காட்டணும்.

— நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு ஆத்தா. ஒன்னய யாரு வஞ்சாலும், அடிச்சாலும், நான் இருக்கேன். என்ன நடந்துச்சு அங்க?

— மேல் கம்பி எனக்கு நேரா இருந்துச்சுப்பா. எட்டுற தூரந்தேன். நான் கையத் தூக்கவே இல்ல.